நீல ஐசி, சிவப்பு ஐசி, பிறப்புப் பத்திரம்: மலேசியக் குடியுரிமை பற்றி நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் குடியுரிமைச் சிக்கலில் மாட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். நீல ஐசி என்றால் குடிமகனின் அடையாள அட்டை, சிவப்பு ஐசி என்றால் நிரந்தர வாசியின் அடையாள அட்டை. சட்டப் பிரிவு எண்களை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறோம். தேசியப் பதிவிலாகா (ஜேபிஎன்) கவுண்டரில் "எந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பிக்கிறீர்கள்?" என்று கேட்டால் தடுமாறாமல் சொல்ல வேண்டும், தவறான பிரிவில் போட்ட மனு வருடக்கணக்கில் கிடந்துவிட்டு நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வரும்.

உண்மையான மலேசியர் யார்? நான்கு தலைமுறையாக இங்கே இருக்கிறோம், இன்னமும் "பெண்டாத்தாங்" (வந்தேறி) என்கிறார்களே?

யார் குடிமக்கள் என்பதைக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பாகம், 14 முதல் 31 வரையுள்ள பிரிவுகள், முடிவு செய்கின்றன. அந்தப் பாகத்தில் இனமோ மதமோ குடியுரிமைக்கு அளவுகோலாக வரவில்லை. பிறந்த இடம், பிறந்த தேதி, பெற்றோரின் நிலை, குடியிருந்த காலம், மனு மூலம் குடியுரிமை கேட்போருக்கு மலாய்மொழி அறிவு, நன்னடத்தை ஆகியவைதான் பார்க்கப்படுகின்றன. 160வது பிரிவு ‘மலாய்க்காரர்’ யார் என்று விளக்குகிறது. அந்த விளக்கம் 153வது பிரிவின் சிறப்பு நிலை போன்றவற்றுக்காக வந்தது. குடியுரிமையைத் தீர்மானிக்க அல்ல. அதே 153வது பிரிவு, மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களைக் காப்பதும் பேரரசரின் பொறுப்பு என்கிறது. அந்த வரியைப் பலர் படிக்காமலேயே வாதாடுகிறார்கள்.

"திரும்பிப் போ" என்று யாராவது சொன்னால் 9வது பிரிவைச் சொல்லுங்கள். எந்தக் குடிமகனையும் நாடு கடத்தவோ, நாட்டுக்குள் வரவிடாமல் தடுக்கவோ முடியாது என்பது அதன் முதல் வரி. அரசு ஊழியர்களை இன வேறுபாடின்றி நடத்த வேண்டும் என்கிறது 136வது பிரிவு. தமிழைப் பேசவும் கற்கவும் கற்பிக்கவும் யாரும் தடை செய்ய முடியாது என்பது, மலாய்மொழியைத் தேசிய மொழியாக்கிய அதே 152வது பிரிவிலேயே இருக்கிறது. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816இல் தமிழ் வகுப்பு தொடங்கியபோது மலேசியா என்ற பெயரே இல்லை. அப்படி இருக்க, தமிழ் படிப்பது விசுவாசக் குறைவு என்று பேசுவதில் சட்டமும் இல்லை, வரலாறும் இல்லை.

குடியுரிமை கிடைத்த முறையை வைத்துக் குடிமக்களுக்குள் சட்டம் வேறுபாடு காட்டும் இடங்கள் மிகச் சில. மனு போட்டு இயல்புரிமை முறையில் குடியுரிமை பெற்றவர் பிரதமராக நியமிக்கப்பட முடியாது என்கிறது 43(7). அவரது குடியுரிமையைப் பறிக்க 25வது பிரிவில் கூடுதல் காரணங்களும் உண்டு. சட்டத்தின் நேரடி விளைவால் குடிமகனானவருக்கு இந்த இரண்டும் பொருந்தாது. ஓட்டுரிமையிலோ கடப்பிதழிலோ ஒரு நீல ஐசிக்கும் இன்னொரு நீல ஐசிக்கும் தராதரம் கிடையாது.

வசைச் சொல் மனத்தைப் புண்படுத்தும், உரிமையைப் பறிக்காது. நம் பிள்ளைகளை உண்மையிலேயே வெளியே நிறுத்துவது பதிவாகாத ஒரு திருமணம், தாமதமான ஒரு பிறப்புப் பதிவு, எழுத்து மாறிய ஒரு பெயர். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைப் பற்றியவை.

மலேசிய மண்ணில் பிறந்தாலே குடியுரிமை கிடைக்காதா?

கிடைத்த காலம் ஒன்று இருந்தது. 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் கடைசி வரை மலாயாவில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், குடிமக்கள். வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சிலர் மட்டுமே விதிவிலக்கு. 1962 அக்டோபரில் அந்த வாசல் மூடப்பட்டது. அதன் பிறகு பிறந்தவருக்கு, பிறந்த நேரத்தில் தாயோ தந்தையோ குடிமகனாகவோ நிரந்தர வாசியாகவோ இருந்திருக்க வேண்டும்.

2024 அக்டோபர் 17 அன்று மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தம் இதில் நிரந்தர வாசி என்ற பகுதியை நீக்குகிறது. அதாவது பெற்றோர் இருவரும் சிவப்பு ஐசி என்றால், திருத்தம் அமலுக்கு வந்த நாளுக்குப் பின் இங்கே பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை இல்லை. அதற்கு முன் பிறந்த பிள்ளைக்குப் பழைய விதிதான். ஆகவே வீட்டில் சிவப்பு ஐசியோடு இளம் தம்பதியர் இருந்தால், அவர்களின் குடியுரிமை மனுவை இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

பாட்டி தோட்டத்தில் பிறந்தவர். இன்னும் சிவப்பு ஐசிதான். என்ன செய்யலாம்?

முதலில் அவர் பிறந்த ஆண்டையும் இடத்தையும் பாருங்கள். பெரும்பாலான குடும்பங்கள் நேராக 19வது பிரிவில் மனு போட்டுவிடுகின்றன. அது அரசாங்கத்தின் விருப்பத்தைச் சார்ந்த வழி. பாட்டிக்கு அதைவிட வலுவான வழி இருக்கலாம்.

பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்தவரா? அவை நீரிணைக் குடியேற்றப் பகுதிகள். அங்கே பிறந்தவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். அப்படிப் பிறந்து மலாயாவில் நிரந்தரமாகக் குடியிருந்தவர்களை 1948ஆம் ஆண்டின் மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம் தானாகவே கூட்டரசுக் குடிமக்களாக்கியது. மெர்டேக்காவுக்கு (1957 ஆகஸ்ட் 31, சுதந்திர நாள்) முந்தைய கணம் வரை அப்படிக் குடிமகனாக இருந்தவர், மெர்டேக்காவுக்குப் பின்னும் குடிமகன்.

பேராவிலோ சிலாங்கூரிலோ கெடாவிலோ, மெர்டேக்காவுக்கு முன் பிறந்தவரா? 16வது பிரிவைப் பாருங்கள். 18 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், மனுவுக்கு முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 5 ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும், தொடர்ந்து வசிக்கும் எண்ணமும் நன்னடத்தையும் வேண்டும், மலாய்மொழியில் அடிப்படை அறிவு வேண்டும். இவை இருந்தால் பதிவு பெற அவருக்கு உரிமை உண்டு என்றே சட்டம் சொல்கிறது. 19வது பிரிவு கேட்பது போதிய மொழியறிவு. 16 கேட்பது அடிப்படை அறிவு மட்டும். 70 வயது தாண்டிய, பள்ளிக்கூடம் போகாத ஒருவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

1957க்கும் 1962க்கும் நடுவில் பிறந்தவர் என்றால், அவர் விண்ணப்பித்துக் குடிமகன் ஆக வேண்டியதில்லை, ஏற்கெனவே குடிமகன். அவருக்குத் தேவை 30வது பிரிவின் கீழ் உறுதிச் சான்றிதழ். ஒருவரின் குடியுரிமையில் சந்தேகம் இருந்தால், ‘இவர் குடிமகனே’ என்று அரசாங்கம் சான்றளிக்க அந்தப் பிரிவு வழி செய்கிறது.

சிக்கல் எப்போதும் சான்றில்தான். தோட்டத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவருக்குப் பிறப்புப் பத்திரம் இருக்காது. அப்போது தேட வேண்டியவை: தோட்டக் கிராணி (எழுத்தர்) வைத்திருந்த தொழிலாளர் பதிவேடு, தோட்ட மருத்துவமனைப் பதிவு, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கூடப் பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரங்கள், பெற்றோரின் பழைய அடையாள அட்டைகள், இறப்புப் பத்திரங்கள். கூடவே அவரைச் சின்ன வயதிலிருந்து அறிந்த, அவரைவிட மூத்த குடிமக்கள் இருவரின் சத்தியப் பிரமாணப் பத்திரம். அந்த மூத்தவர்கள் உயிரோடு, நினைவு தெளிவாக இருக்கும்போதே இதை வாங்கிவிடுங்கள். தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியாகிவிட்டால், முதலில் காணாமல் போவது கிராணியின் பதிவேடுதான்.

ஒரு சின்னத் துப்பு: சிவப்பு ஐசியிலுள்ள 12 இலக்க எண்ணில், பிறந்த தேதிக்கு அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் பிறந்த இடத்தைக் காட்டும். 07 பினாங்கு, 08 பேரா, 10 சிலாங்கூர், 14 கோலாலம்பூர். வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு வேறு எண்கள். பாட்டியின் எண்ணில் 08 இருந்தால், அவர் பேராவில் பிறந்தவர் என்று பதிவிலாகாவின் ஏடே சொல்கிறது. அதுவே முழுச் சான்று ஆகிவிடாது. ஆனால் மனுவோடு இணைக்கும் கடிதத்தில் இதைக் கட்டாயம் சுட்டிக்காட்டுங்கள்.

19வது பிரிவில் மனு போடுவதற்கு என்ன தகுதி வேண்டும்?

21 வயது ஆகியிருக்க வேண்டும். கடந்த 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும். மனுவுக்கு முந்தைய 12 மாதமும் அதில் அடங்கியிருக்க வேண்டும். இடையில் ஊருக்குப் போய் ஆறேழு மாதம் தங்கி வந்தவர்கள் கடப்பிதழ் முத்திரைகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு மனு போடுங்கள். மொழி நேர்காணலில் முகவரி, குடும்பம், வேலை, நாட்டைப் பற்றிய எளிய கேள்விகளுக்குத் தயாராகப் போங்கள். பதற்றத்தில் தமிழிலேயே பதில் சொல்லித் திரும்பி வரும் முதியவர்கள் உண்டு. வீட்டில் தினமும் அரை மணி நேரம் பேரப்பிள்ளைகள் மலாயில் பேசிப் பழக்கினாலே போதும். 2018இல் 60 வயதைத் தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது நினைவிருக்கும். அப்படி ஒரு அறிவிப்பு மறுபடி வரும் என்று மனுவைப் போடாமல் காத்திருப்பது நல்லதல்ல.

கோயிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை. பிள்ளைக்கு ‘பூக்கான் வார்காநெகாரா’ (குடிமகன் அல்ல) என்று பிறப்புப் பத்திரம் வந்திருக்கிறது. ஏன்?

நம் சமூகத்தில் பிள்ளைகள் நாடற்றவர்களாவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி கோயில் சடங்கு மட்டும் போதாது. திருமணம் பதிவாக வேண்டும். பதிவாகாவிட்டால், சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை திருமண உறவுக்கு வெளியே பிறந்தது. அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, மூன்றாம் பாகம், 17வது விதி, அப்படிப்பட்ட பிள்ளைக்கு ‘பெற்றோர்’ என்றால் தாய் மட்டுமே என்கிறது.

இதன் விளைவு இரண்டு விதம். தாய் மலேசியர், பிள்ளை பிறந்தது மலேசியாவில் என்றால், திருமணப் பதிவு இல்லாவிட்டாலும் பிள்ளை குடிமகன். தாய் இந்தோனேசியரோ, இந்தியப் பிரஜையோ, ஆவணமே இல்லாதவரோ என்றால், தகப்பன் நீல ஐசி வைத்திருந்தாலும் பிள்ளைக்கு அது போய்ச் சேராது. பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இருந்தாலும் நிலை இதுதான். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13வது பிரிவு, தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டால் தகப்பன் பெயரைச் சேர்க்க இடம் தருகிறது. பெயர் சேர்வது ஒன்று, குடியுரிமை சேர்வது வேறு. டிஎன்ஏ பரிசோதனையும் அப்படித்தான்: அது தகப்பன் யார் என்று நிரூபிக்கும், திருமணத்தை நிரூபிக்காது.

பிறந்த பிறகு திருமணத்தைப் பதிந்தால் சரியாகிவிடுமா? 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பெற்றோர் பின்னர் மணந்தால் பிள்ளையை முறையான பிள்ளையாக ஏற்கிறது. ஆனால் குடியுரிமை பிறந்த கணத்தில் முடிவாகிறது என்பதே 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் 4க்கு 3 என்ற பெரும்பான்மையில் தந்த தீர்ப்பு. அந்த வழக்கில் தகப்பன் மலேசியர். தாய் பிலிப்பீன்ஸ் நாட்டவர். திருமணம் பிள்ளை பிறந்த பின் நடந்தது. மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள் என்பதிலிருந்தே இது எவ்வளவு கடினமான கேள்வி என்று தெரியும். ஆனாலும் இன்று பதிவிலாகா பின்பற்றுவது பெரும்பான்மைத் தீர்ப்பைத்தான்.

ஆகவே கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் முன்பே ஜேபிஎன்னில் ஜேபிஎன்.கேசி02 பாரத்தைக் கொடுங்கள். திருமணப் பதிவாளராக நியமனம் பெற்றவர் இருக்கும் கோயில்களில் சடங்கும் பதிவும் ஒரே நாளில் முடியும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும்போதே, பதிவு அங்கேயே நடக்குமா என்று கேட்டுவிடுங்கள். தமிழ் முஸ்லிம்கள் கோலாலம்பூரில் கூட்டரசுப் பிரதேச இஸ்லாமிய சமய இலாகாவிலும், பினாங்கில் மாநில இஸ்லாமிய சமய விவகார இலாகாவிலும் பதிய வேண்டும்.

1982 மார்ச் 1க்கு முன் நம் வழக்கப்படி நடந்த திருமணங்கள் வேறு. அவற்றைப் பதிவானதாகவே சட்டம் கருதுகிறது. தாத்தா பாட்டி திருமணத்துக்குச் சான்றிதழ் இல்லை என்று யாராவது மடக்கினால் இதைச் சொல்லுங்கள்.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு இப்போது எப்படி விண்ணப்பிப்பது?

இரண்டு வழிகள். 15(2) என்பது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக உள்ள பிள்ளைக்கு. தகப்பன் மட்டும் குடிமகன், பிறந்தபோது திருமணம் பதிவில் இல்லை என்றால், மேலே சொன்ன 17வது விதி இங்கேயும் குறுக்கே நிற்கும். அந்தப் பிள்ளைக்கு 15ஏ. ‘சிறப்புச் சூழ்நிலைகளில்’ எந்தப் பிள்ளையையும் குடிமகனாகப் பதிய அரசாங்கத்துக்கு அது அதிகாரம் தருகிறது.

அந்தச் சூழ்நிலையை நீங்கள்தான் எழுதிக் காட்ட வேண்டும். பாரத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்துவிட்டு வருவதுதான் பெரும்பாலான மனுக்களின் பலவீனம். ஒரு பக்கக் கடிதம் போதும்: பிள்ளை எங்கே பிறந்தது, யார் வளர்க்கிறார்கள், தாய் எங்கே, தாயின் நாடு பிள்ளையைத் தன் குடிமகனாக ஏற்கிறதா, எந்தப் பள்ளியில் படிக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ஆவணம் பின்னால் இருக்க வேண்டும். தாய் விட்டுப் போய்விட்டார் என்றால் போலீஸ் புகார் நகல். தாயின் தூதரகத்திலிருந்து ‘எங்கள் பதிவில் இந்தப் பிள்ளை இல்லை’ என்ற கடிதம் கிடைத்தால் மனு பல மடங்கு பலம் பெறும். வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இங்கே பிறந்த பிள்ளை சட்டப்படியே குடிமகன் என்று இரண்டாம் அட்டவணையின் 1(e) சொல்கிறது; அந்தக் கடிதம் அதற்கும் அடித்தளம்.

வயது வரம்பு 21 என்று பழைய துண்டறிக்கைகளில் பார்த்திருப்பீர்கள். 2024 திருத்தம் அதை 18 ஆகக் குறைக்கிறது. 18 முடிவதற்குள் மனு பதிவிலாகாவின் கையில் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதிலேயே போட்டுவிடுவது இன்னும் நல்லது; நிராகரித்தால் மறுபடி போட அவகாசம் இருக்கும்.

பெயர் எழுத்துப் பிழையெல்லாம் அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். தாயின் ஐசியில் லெட்சுமி, திருமணப் பத்திரத்தில் லட்சுமி, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் லெட்சிமி. ரோமன் எழுத்தில் எழுதும்போது கிராணியும் மருத்துவமனைக் குமாஸ்தாவும் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெண் மூன்று ஆளாகிவிடுகிறார். ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) மாறியிருப்பது, தகப்பனின் முதலெழுத்து விட்டுப் போனது, பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியது ஆகியவையும் மனுவை நிறுத்தி வைக்கும்.

மருத்துவமனையில் பிறப்புத் தகவல் தாளைக் கையில் கொடுத்தவுடன், தாயின் ஐசியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பதிவுக்குப் பின் தெரிந்தால், பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27வது பிரிவின் கீழ் திருத்தம் கேட்கலாம். திருத்த முடியாத பழைய பத்திரமாக இருந்தால், இரு பெயரும் ஒரே ஆளுடையவை என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் பிரமாணம் செய்து இணையுங்கள்.

பிறப்பைப் பதிய எவ்வளவு நாள்?

தீபகற்ப மலேசியாவில் 60 நாள். ஜேபிஎன்.எல்எம்01 பாரம், மருத்துவமனைத் தாள், பெற்றோர் ஐசி, திருமணச் சான்றிதழ் வேண்டும். 60 நாளைத் தாண்டினால் அது தாமதப் பதிவு. விசாரணை உண்டு, சாட்சி கேட்பார்கள். மருத்துவமனைக் கட்டணம் பாக்கி என்பதற்காகவோ, கணவன் மனைவி சண்டைக்காகவோ பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். தகப்பன் வராவிட்டாலும் தாய் தனியாகப் பதியலாம்.

தத்தெடுத்த பிள்ளைக்கு?

வாய்வார்த்தையில் தத்தெடுத்து, நேராகத் தங்கள் பெயரையே பெற்றோர் என்று போட்டுப் பிறப்பைப் பதிந்த குடும்பங்கள் நிறைய. அன்பில் செய்தாலும் அது பொய்த் தகவல். பிள்ளை 12 வயதில் முதல் ஐசி எடுக்கப் போகும்போதோ 18இல் மாற்றப் போகும்போதோ சந்தேகம் எழுந்து விசாரணை வந்தால், அட்டை பறிபோகும். பழி அந்தப் பிள்ளையின் தலையில் விழும். தத்து இரண்டு வழியில் செல்லுபடியாகும்: 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்றம் வழியாக, அல்லது இரண்டு ஆண்டு வளர்த்த பின் பதிவிலாகா வழியாக. எந்த வழியானாலும் தத்துப் பத்திரம் குடியுரிமையைத் தந்துவிடாது. பிள்ளையின் பெற்ற தாய் குடிமகள் அல்ல என்றால் 15ஏ மனு தனியாக வேண்டும்.

கண்டெடுக்கப்பட்ட பச்சிளம் குழந்தையின் நிலை வேறு. இரண்டாம் அட்டவணையின் 19பி விதியும் 2021 நவம்பர் 19 அன்று கூட்டரசு நீதிமன்றம் தந்த தீர்ப்பும் அந்தப் பிள்ளைக்குச் சாதகம்: பெற்றோர் யாரென்று நிரூபிக்கும் சுமையைக் கைவிடப்பட்ட குழந்தையின் மேல் ஏற்ற முடியாது. 2024 திருத்தத்தின் முதல் வரைவில் இந்த விதியில் கை வைக்க முயன்றார்கள். எதிர்ப்பு வலுத்ததால் விட்டுவிட்டார்கள். குழந்தை கிடைத்த அன்றே போலீஸ் புகார் செய்யுங்கள். எல்லாம் அந்தப் புகாரின் தேதியில் நிற்கிறது.

ஒரு வீட்டில் மனைவி தமிழ்நாட்டுக்காரர். இன்னொரு வீட்டில் கணவர் வெளிநாட்டவர். இருவருக்கும் ஒரே விதியா?

இல்லை. வெளிநாட்டு மனைவிக்கு 15(1) உண்டு: மனுவுக்கு முந்தைய 2 ஆண்டு முழுவதும் இங்கே வசித்திருக்க வேண்டும். நடைமுறையில் முதலில் நீண்டகால சமூக வருகை பாஸ், பிறகு நிரந்தர வாசம், அதன் பிறகே குடியுரிமை. வெளிநாட்டுக் கணவருக்கு 15(1) இல்லவே இல்லை, 19தான். இந்த வேறுபாட்டை நியாயம் என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம்: எழுத்துப்பூர்வ ஒப்புதல் கையில் வரும் முன் இந்தியக் கடப்பிதழை ஒப்படைக்காதீர்கள். அவசரப்பட்டு ஒப்படைத்துவிட்டு, இங்கேயும் கிடைக்காமல் நடுவில் நிற்கும் நிலை வரக்கூடாது.

மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளை?

பழைய விதியில் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பன் வழியாக மட்டுமே தானாகக் குடியுரிமை. 2021 செப்டம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தாய்க்கும் அந்த உரிமை உண்டு என்றது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2024 திருத்தம் சட்டத்தையே மாற்றித் தாய்மார்களைச் சேர்த்திருக்கிறது. அமலுக்கு வரும் நாளுக்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கு அது பின்னோக்கிச் செல்லாது; அவர்களுக்கு 15(2) மனுதான். புதிதாகப் பிறக்கும் பிள்ளையை அந்த நாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்தில் ஓர் ஆண்டுக்குள் பதிந்துவிடுங்கள்.

மனு நிராகரிக்கப்பட்டால்?

கடிதம் ஒரு வரியில் வரக்கூடும், காரணம் இல்லாமல். உடனே செய்ய வேண்டியது, உறையையும் கடிதத்தையும் பத்திரப்படுத்தி, கிடைத்த தேதியைக் குறித்து வைப்பது. நீதிமன்றச் சீராய்வு கேட்க மூன்று மாதம்தான் அவகாசம். மறுமனு போட்டுக்கொண்டே இருந்து அந்த மூன்று மாதத்தைக் கோட்டைவிட்டால், பிறகு வழக்கறிஞராலும் அதிகம் செய்ய முடியாது. மறுமனு போடத் தடையில்லை. ஆனால் அதே தாள்களைத் திருப்பிக் கொடுத்தால் அதே பதில்தான் வரும். முதல் மனுவில் இல்லாத ஒரு சான்றாவது புதிதாக இருக்க வேண்டும்.

வசதி குறைந்தவர்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களுக்குப் போகலாம். தீபகற்பத்தில் நாடற்ற இந்தியர்களுக்காக நீண்ட காலமாக வேலை செய்துவரும் டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா என்ற அமைப்பு மனுவைத் தயாரிக்க உதவும்.

ஏஜெண்ட் ஒருவர் சில ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) நீல ஐசி வாங்கித் தருகிறேன் என்கிறாரே?

கொடுக்காதீர்கள். குடியுரிமையை விலைக்கு வாங்க எந்த வழியும் இல்லை. போலி அட்டையோ பிறருடைய அட்டையோ வைத்திருந்தால் மூன்றாண்டு வரை சிறை அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட மோசமான விளைவு, நன்னடத்தை என்ற தகுதியே போய் உண்மையான மனுவும் கெட்டுவிடும்.

இந்தியாவின் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை) அட்டை எடுத்தால் மலேசியக் குடியுரிமை போய்விடுமா?

பெயரில் குடியுரிமை இருந்தாலும் ஓசிஐ இந்தியக் குடியுரிமை அல்ல. இந்தியக் கடப்பிதழும் ஓட்டும் அதில் வராது. ஆனால் வேறொரு நாட்டின் குடியுரிமையையே எடுத்தால், 24வது பிரிவின் கீழ் மலேசியக் குடியுரிமையைப் பறிக்க முடியும். இரட்டைக் குடியுரிமை இங்கே இல்லை.

மனு நிலுவையில் இருக்கும்போது பள்ளி, மருத்துவமனை?

பெற்றோரில் ஒருவர் குடிமகன் என்றால், பிறப்புப் பத்திரத்தையும் பதிவிலாகா தந்த மனு ரசீதையும் எடுத்துக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். தலைமையாசிரியர் மறுத்தால் அங்கேயே நின்று வாதாட வேண்டாம். முடிவெடுக்கும் இடம் அதுவல்ல. அரசு மருத்துவமனையில் குடியுரிமை இல்லாதவருக்கு வெளிநாட்டவர் கட்டணம் என்பதால், பெரிய சிகிச்சை என்றால் மருத்துவமனையின் சமூகநலப் பிரிவை முதலிலேயே பாருங்கள். சிவப்பு ஐசிக்கு ஓட்டு இல்லை. நீல ஐசி வந்து 18 வயதும் ஆனவர், 2021 டிசம்பர் 15 முதல் நடப்பில் உள்ள தானியங்கிப் பதிவின்படி வாக்காளர் பட்டியலில் வர வேண்டும். பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே போவது, கையில் என்ன எடுத்துப் போவது?

பினாங்கில் ஜார்ஜ்டவுன் ஜாலான் அன்சனிலுள்ள கூட்டரசுக் கட்டடம். கோலாலம்பூர்வாசிகள் மாநகரிலுள்ள ஜேபிஎன் கிளையிலோ புத்ராஜெயா தலைமையகத்திலோ விண்ணப்பிக்கலாம். ஒரு கோப்பில், இந்த வரிசையில் வையுங்கள்: விளக்கக் கடிதம், பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பெற்றோர் இருவரின் ஐசி அல்லது கடப்பிதழ், பெற்றோரின் பிறப்புப் பத்திரங்கள், திருமணச் சான்றிதழ், தாத்தா பாட்டி ஆவணங்கள், பள்ளி, மருத்துவப் பதிவுகள், பிரமாணப் பத்திரங்கள், புகைப்படங்கள். எல்லாவற்றிலும் இரண்டு நகல். மூலப் பத்திரத்தைக் காட்டுங்கள், நகலை மட்டும் கொடுங்கள். வெளியே வரும் முன் ரசீதில் பிரிவு எண்ணும் பிள்ளையின் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று கவுண்டரிலேயே படித்துப் பாருங்கள். வீடு மாறினால் புதிய முகவரியை எழுத்தில் தெரிவியுங்கள். நேர்காணல் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், வராதவர் என்று மனு மூடப்பட்டுவிடக் கூடாது.